ரோபோ பேசிய தமிழ்

வெள்ளிப் பூச்சு அடித்த பழைய மோட்டார் சைக்கிள் ஹெல்மெற் ஒன்று. முன்பக்கத்தில் இரண்டு சிவப்பு விளக்குகள், உச்சியில் ஒரு வானொலி அன்ரனா. கிளிநொச்சியில் ஒரு சின்னத் தொலைக்காட்சிக்காக நாங்கள் எழுதிய விண்வெளித் தொடரில் அதுதான் ரோபோவின் தலை. அதை மாட்டிக்கொண்டு நடிகர் முதன்முதலாக வாயைத் திறந்த நாளை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை.

தொடரின் இயக்குநரை நாங்கள் எல்லோரும் அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். இப்போது அவர் நாட்டில் இல்லை. நல்ல மனுசன், பொய் சொல்லக்கூடாது. கதையும் அவருடையதுதான். ஒரு விண்கப்பலில் நீலத்தோல் மனிதர்களை மற்றவர்கள் ஒதுக்கி வைக்கிறார்கள், கதவுக்குக் கதவு மறித்து அடையாள அட்டை கேட்கிறார்கள். நீலத்தாரின் எழுத்துத் தெரியாத காவலன் ஒருவன் அட்டையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வாசிப்பதுபோல் பாசாங்கு செய்வான். சோதனைச் சாவடி வரிசையில் கால்கடுக்க நின்ற ஒருவரால்தான் அப்படி ஒரு காட்சியை எழுத முடியும். அதை வாசித்த அன்று நான் அழுதுவிட்டேன்.

அந்தக் கப்பலைக் கூட்டித் துடைக்க ஒரு ரோபோ இருந்தது. அதன் பேச்சை அண்ணையும் நடிகரும் சேர்ந்து எழுதியிருந்தார்கள். ஒத்திகையில் நடிகர் ஹெல்மெற்றை மாட்டி, முதுகை வளைத்து, கையைக் கட்டிக்கொண்டு, "ஆமாங்க தொர, தொடச்சிட்டேங்க தொர" என்றார். அறை முழுக்கச் சிரிப்பு. அண்ணை கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

எனக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. அது என் அம்மாவின் தமிழ். மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கலவரத்தில் அடித்து விரட்டப்பட்டு, கிளிநொச்சிப் பக்கம் ஸ்கந்தபுரத்தில் காடு வெட்டிக் குடியேறிய எங்கள் ஆட்கள் வீட்டுக்குள் பேசும் தமிழ். நான் இங்கேயே படித்து வளர்ந்தவள், வெளியே இந்த ஊரார் மாதிரி 'ஆமா'வுக்கு 'ஓம்' போட்டுத்தான் பேசுவேன். இனவாதத்தைக் கண்டிக்க எழுதிய கதையில், சிரிப்புக்கென்று எங்களைப் பிடித்து விளக்குமாற்றைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். அதுவும் யார், என்னை அழவைத்த அதே மனுசன்.

"அண்ணை, இது எங்கட அம்மா கதைக்கிற தமிழ்" என்றேன்.

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. "ஐயோ தங்கச்சி, நான் உங்களைச் சொல்லேல்லை. நீங்கள் எங்கட ஆளெல்லோ" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார், பாவம். எனக்கு அதுதான் இன்னும் மோசமாகக் குத்தியது. "அப்ப எங்கட அம்மா ஆரின்ர ஆள்?" என்று கேட்டேன். நடிகர் ஹெல்மெற்றைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

அண்ணை, "சனம் சிரிக்க ஒரு இடம் வேணுமெண்டுதான் போட்டனான். வேற ஒண்டும் யோசிக்கேல்லை" என்றார். அது சத்தியமான உண்மை, அதனால்தான் எனக்கு அந்த அதிர்ச்சி இன்றுவரை போகவில்லை. தனக்கு விழுந்த அடியெல்லாம் அவருக்கு அணு அணுவாக ஞாபகம் இருந்தது. தன் கால் யார் மேல் நிற்கிறது என்பது மட்டும் தெரியவில்லை. வேற்றுக் கிரகத்துக்குக் கதை எழுதினாலும் நாம் நம் வீட்டுக் குசினியைத்தான் அடுப்பும் சட்டியுமாகத் தூக்கிக்கொண்டு போகிறோம். உள்ளே இருந்து சாப்பிடுவது யார், வாசலில் நிற்பது யார் என்பதும் கூடவே வந்துவிடுகிறது. எழுதுகிற மேசையில் அப்படி வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் வீட்டிலிருந்து ஒருத்தி இருந்தால்தான் அது பிடிபடும். இப்போது அந்த மேசையில் முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்த பெண் ஒருத்தியும் இருக்கிறாள். எங்கள் புதுத் தொடரில் வரும் கடல் கிரகத்து மீனவர்களை வாசித்துவிட்டு அவள் எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

"அப்ப நீங்களே எழுதுங்கோ" என்று அண்ணை அன்றைக்கே சொல்லிவிட்டார். நான் ரோபோவைக் கப்பலின் தலைவன் ஆக்கினேன். தமிழை மாற்றவில்லை. நீலத்தாரை இறக்கிவிட்டுப் புறப்படும்படி மேலிடத்து உத்தரவு வருகிறது. ரோபோ நிமிர்ந்து நின்று, "யாரையும் விட்டுட்டுக் கப்பல எடுக்க மாட்டேங்க" என்கிறது. தொலைக்காட்சிக்காரர்கள் அந்தப் பேச்சைப் பொதுத் தமிழுக்கு மாற்றச் சொன்னார்கள். அண்ணை அசையவில்லை. "மாத்தினால் நான் படத்தைத் தரமாட்டன்" என்று ஒரே பிடியாக நின்றார்.

ஒளிபரப்புக்கு முன்னர் ஒரு மண்டபத்தில் ஊர்ச்சனத்துக்குப் போட்டுக் காட்டினோம். அம்மாவைக் கூட்டிவந்து என் பக்கத்தில் இருத்தினேன். தன்னுடைய தமிழை ஒரு கூட்டம் சிரிக்காமல் கேட்பதை அவர் ஒரே ஒரு தரம் பார்க்க வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

அந்தக் காட்சி வந்தது. ரோபோ நிமிர்ந்து நின்று அந்த வரியைச் சொன்னது. மண்டபம் கொல்லென்று சிரித்தது. முன்வரிசையில் இருந்த அண்ணை எழும்பித் திரும்பிப் பார்த்தார், முகம் வெளிறிப் போயிருந்தது. அம்மாவைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. மெல்ல மெல்லத்தான் திரும்பினேன்.

அம்மாவும் சிரித்துக்கொண்டிருந்தார். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்க.

"நீங்க ஏம்மா சிரிக்கிறீங்க?" என்று வீட்டுத் தமிழிலேயே கேட்டேன்.

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் என் காதோடு சொன்னார்: "அவுங்க சிரிக்கிறப்ப நம்மளும் சேந்து சிரிச்சிரணும் புள்ள. அப்பத்தான் யாரப் பாத்துச் சிரிக்கிறாங்கன்னு தெரியாது."