தினைமாவில் வந்த குங்குமம்

என் வீட்டுக்காரர் அரக்கோணத்தில் ரயில்வே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரயில்வே என்றதும் இன்ஜினைக் கழற்றி மாட்டியவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஆபீசில் ஃபைல் கட்டிக்கொண்டிருந்தவர். வேலையில் இருந்த காலமெல்லாம் ஒரு திருகைக்கூடத் திருகாத மனிதர், ஓய்வு பெற்ற கையோடு திருத்தணி வீட்டின் புழக்கடையில் ஒரு தகரக் கொட்டகையைப் போட்டு அதற்கு ‘ஒர்க்‌ஷாப்’ என்று பெயரும் வைத்துவிட்டார். உள்ளே என்ன நடக்கும் என்று என்னைக் கேட்டால், ஃபேன் ஓடும், போனில் வீடியோ ஓடும். வேறு எதுவும் ஓடி நான் பார்த்ததில்லை.

வாசல் பக்கத்து அறை என்னுடையது. அங்கே என் மாவு மில் இருக்கிறது. அவர் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த காலத்திலிருந்து நான் நடத்திவருவது. அரிசி, கேழ்வரகு, கோதுமை எல்லாம் வரும். கிருத்திகை நெருங்கினால் தினை வரும். மலையில் முருகனுக்குத் தேனும் தினைமாவும் படைக்க வேண்டிக்கொண்டவர்கள், விரதம் இருந்து, தினையைக் கழுவிக் காயவைத்து எடுத்து வருவார்கள். அவர்களுடைய தினையைத் தொடுவதற்கு முன் நான் கல்லைத் திறந்து துடைத்து, என் வீட்டு அரிசியை ஒரு படி போட்டு ஓட்டி, அதற்குப் பிறகுதான் சாமி காரியத்துக்கு வருவேன். “மில்லுக்கார அக்காண்ட போனா சுத்தமா இருக்கும்” என்று மணவூர்ப் பக்கத்துக் கிராமங்களில்கூடச் சொல்வார்கள். நான் சம்பாதித்தது அந்தப் பேச்சைத்தான்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் பார்சல் வந்தது. பேட்டரியில் ஓடும் கிரீஸ் கன். ஒயர் கிடையாது, கையால் பம்ப் அடிக்கவும் வேண்டாம், விசையை அழுத்தினால் போதும், டர்ர்ர் என்று கிரீஸைத் தள்ளும். மூக்கில் ஒரு லைட்டு வேறு. கிரீஸுக்குக் கண் தெரியாது பாருங்கள்! பெட்டியைப் பிரித்த அன்று தெருவில் போனவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். எதிர்வீட்டுக்காரர் பயந்துகொண்டே கேட்டார்.

“இன்னா சார், துப்பாக்கி மாதிரி இருக்குது?”

“கிரீஸ் கன்னுப்பா. கார்ட்லெஸ்ஸு. தொட்டுப் பாரு, இன்னா வெயிட்டு பாரு.”

அன்றிலிருந்து வீட்டில் அசையும் பொருள் எதற்கும் நிம்மதி இல்லை. கேட்டின் கீலுக்கு அடித்தார். ஊஞ்சல் சங்கிலிக்கு அடித்தார். கிணற்று ராட்டினத்துக்கு அடித்ததில் கயிறு வழுக்கி வாளி உள்ளே போனது. எண்ணெய் மட்டுமே கேட்கும் என் தையல் மெஷினுக்கும் அடித்துவைத்தார், அது இன்றுவரை இறுகிக் கிடக்கிறது. அவர் வாங்கியது சிவப்பு கிரீஸ். கேட்டைத் திறந்துகொண்டு வந்தவர்கள் எல்லாம் வெற்றிலை பாக்குப் போட்டுக் கையில் துப்பியவர்கள் போல உள்ளே வந்தார்கள். என்னிடம் இருந்த ஒரே நல்ல சின்னாளப்பட்டுப் புடவையின் முந்தானையும் அப்படித்தான் போனது.

வீட்டில் அடிப்பதற்கு இடம் தீர்ந்துபோனதும் என் மில் பக்கம் கண் போயிற்று.

“மில்லு பேரிங்குக்கு ஒரு தடவ போட்டுடலாமா?”

“என் மில்லாண்ட வந்தீங்கன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன்.”

“உனுக்கு இன்னா தெரியும்? இதுல இருக்கிற பிரஷரு நீ கையில அடிக்கிறதுல வராது.”

“பிரஷரு எனக்கே நெறைய இருக்குது. மாத்திர சாப்டுகினு இருக்கேன். நீங்க ஒர்க்‌ஷாப்புல போயி வீடியோ பாருங்க.”

மில்லுக்கு கிரீஸ் வைக்க என்னிடம் கையால் அடிக்கிற பழைய கன் ஒன்று இருக்கிறது. கல் சுற்றும் தண்டுக்கு இரண்டு பேரிங். ஒவ்வொன்றின் தலையிலும் கிரீஸ் ஏற்றுவதற்குச் சின்னக் குமிழ் ஒன்று இருக்கும். குமிழைத் துணியால் துடைத்துவிட்டு, கன்னின் வாயை அதில் மாட்டிக் கைப்பிடியை அழுத்தினால், உள்ளே போதும் என்றதும் கைப்பிடி இறுகும். நிறுத்திவிடலாம். இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை, பாத்திரத்தில் தண்ணீர் நிரம்பினால் குழாயை மூடுகிற புத்திதான். அந்தப் புத்தி இல்லாத மெஷினைத்தான் இவர் ஆர்டர் போட்டு வரவழைத்திருந்தார். உள்ளே இடம் இருக்கிறதோ இல்லையோ, அது தள்ளிக்கொண்டே இருக்கும்.

ஆயுத பூஜை வந்தது. மில்லைக் கழுவித் துடைத்தோம். நான் விளக்கு வைத்துக்கொண்டிருந்த நேரத்தில் இவர் சந்தனமும் குங்குமமும் எடுத்துக்கொண்டு மில்லுக்குப் பொட்டு வைக்கக் கிளம்பினார். ஒர்க்‌ஷாப் முதலாளி அல்லவா! மோட்டாருக்கு, பெல்ட்டுக்கு, மேல்தொட்டிக்கு வைத்தார். சரியாக அந்த இரண்டு குமிழ்கள்மேலும் வட்டமாகச் சந்தனம் அப்பி நடுவில் குங்குமம் வைத்தார். பூஜையில் நடுநாயகமாக அவருடைய கார்ட்லெஸ் மகாராஜா, கழுத்தில் சாமந்தி மாலையோடு. என்னுடைய கைக் கன் பூசணிக்காய்க்குப் பின்னால் கிடந்தது.

மறுநாள் விஜயதசமி. எதை ஆரம்பித்தாலும் விளங்கும் நாள் என்று ஊரே நம்புகிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்கள், கடை திறப்பார்கள். என் வீட்டுக்காரர் எதை ஆரம்பித்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது. காலையில் நான் பூவும் பழமும் வாங்க பஜாருக்குப் போய்விட்டு வந்தபோது, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, விபூதி பூசி, அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்திருந்தார். பண்டிகை என்பதால் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் வந்தவர் மணவூர்ப் பக்கத்தில் சொந்த நிலத்தில் பயிர் வைக்கும் வீட்டு அம்மாள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் அந்த ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் அந்த மில்லுக்குத்தான் போவார்கள். கூடவே அவருடைய மகள். கல்யாணமாகி எத்தனையோ வருஷம் கழித்து அப்போதுதான் உண்டாகியிருந்தாள். மலைக்குத் தினைமாவு படைப்பதாக அம்மாள் வேண்டிக்கொண்டிருந்தார். அதற்காக அன்று வாயில் தண்ணீர்கூட ஊற்றாமல் வந்திருந்தார். பின்னால் இன்னும் நாலைந்து பெண்கள் கூடைகளோடு நின்றார்கள்.

வழக்கம்போல் என் அரிசியை முதலில் ஓட்டினேன். பால் போல வந்தது. தினையைக் கொட்டினேன். மஞ்சளாக மாவு இறங்க ஆரம்பித்தது. தண்டு ஓடிச் சூடேறியதும்தான் வந்தது வினை. மாவின் நடுவே சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. பிறகு இன்னொன்று.

முதலில் பார்த்தது வரிசையில் நின்ற ஒருத்தி.

“அக்கா! இங்க பாருக்கா! குங்குமம் வருது!”

“முருகா! விஜயதசமி அதுவுமா!” என்று இன்னொருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஒருத்தி போனை எடுத்து வீடியோ எடுக்க ஆரம்பித்தாள். எனக்கொரு துளி, எனக்கொரு துளி என்று கைகள் நீண்டன. அந்த அம்மாளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. சத்தம் கேட்டு என் வீட்டுக்காரரும் வந்தார். மாவைப் பார்த்தார். முகம் வெளுத்துப்போனது. பேசாமலாவது இருந்திருக்கலாம்.

“ஆங்... நேத்து நானே தானே பொட்டு வச்சேன்... சாமி காரியம், ஒண்ணும் சொல்றதுக்கில்ல” என்றார்.

நான் பேரிங்கைப் பார்த்தேன். மில் முழுக்கப் பொட்டு இருந்தது, அந்த இரண்டு குமிழ்களின் மேல் மட்டும் இல்லை. குமிழ்கள் பளபளவென்று இருந்தன. பொட்டைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் அதன்மேலேயே கன்னை மாட்டி, சந்தனத்தையும் குங்குமத்தையும் சேர்த்து உள்ளே தள்ளியிருக்கிறார். அதற்குப் பின்னால் பேரிங் கொள்ளாத அளவுக்கு கிரீஸ். அது பேரிங்கின் ரப்பர் சீலைப் பிய்த்துக்கொண்டு கல்லுக்குள் வந்திருக்கிறது. சாமி காரியமாம்! நான் வாய் திறக்காமல் இருந்தால் என் மில் அன்றைக்கே கோயிலாகியிருக்கும், இவர் பூசாரியாகியிருப்பார்.

“சாமியே குடுத்துட்டாரு, வாயில போட்டுக்கம்மா” என்றார் அந்த அம்மாள். மகள் கண்ணை மூடிக்கொண்டு சிவப்பு மாவை விரலில் எடுத்து வாய்க்குக் கொண்டுபோனாள்.

அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். “வாயில வைக்காத கண்ணு.” மற்றொரு கையால் மோட்டாரை நிறுத்தினேன்.

“இன்னாக்கா, சாமி காட்னத இல்லன்றியா?” என்று போன் வைத்திருந்தவள் சண்டைக்கு வந்தாள்.

சிவப்பு மாவில் ஒரு பிடி எடுத்து என் வீட்டுக்காரர் முன்னால் நீட்டினேன்.

“சாமி காரியம்தானே? தின்னுங்க.”

அவர் என் கையைப் பார்த்தார். எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள்.

“தின்னுங்கன்றேன். வயித்துப் புள்ளக்காரி திங்கலாம், நீங்க திங்கக் கூடாதா?”

“அது... கொஞ்சம் அதிகமா போயிடுச்சு போல... கம்பெனிக்காரன் வீடியோல அப்டிதான் காட்டினான்...”

மகள் விரலை மோந்து பார்த்துவிட்டுப் புடவையில் தேய்த்துக்கொண்டாள், தேய்த்துக்கொண்டே இருந்தாள். வீடியோ எடுத்தவள் போனை இடுப்பில் செருகிக்கொண்டு நடையைக் கட்டினாள். அதிசயத்தைக் கெடுத்தவள் நான் என்று அவளுக்குக் கோபம். ஆனால் அந்த அம்மாள் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தூக்குப் பாத்திரத்தை மாவோடு என் மில் வாசலிலேயே வைத்துவிட்டு, “உன்ன நம்பிதானே வந்தேன்க்கா” என்று மட்டும் சொன்னார். மகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். மலையடிவாரக் கடையில் பாக்கெட் மாவு வாங்கிப் படைத்தார்களாம். என் மில்லுக்கு முன்னால் நின்றவர்கள், எவன் எப்போது அரைத்ததோ தெரியாத மாவை வாங்கிப் படைத்தார்கள். அதைக் கேட்ட அன்று நான் சாப்பிடவில்லை.

மில்லைப் பிரிக்க அரக்கோணத்திலிருந்து மெக்கானிக் பாய் வந்தார். மூடியைத் திறந்தவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “இது பேரிங்காக்கா, இல்ல கிரீஸ் டப்பாவா?” என்று கேட்டார். என் வீட்டுக்காரர் அந்த நேரம் பார்த்துக் கொட்டகையில் முக்கியமான வேலையாக இருந்தார். ரப்பர் சீலை மாற்றினோம், கல்லைக் கொத்தினோம், தவிட்டைப் போட்டு ஓட்டி ஓட்டிச் சுத்தம் செய்தோம். மில் சுத்தமாகிவிட்டது. ஆனால் மணவூர்ப் பக்கத்துக் கூடைகள் வரவில்லை. அவை என் வாசலைத் தாண்டி ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் மில்லுக்குப் போவதை நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்ப்பேன். கிருத்திகைக் காலையில் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

என் வீட்டுக்காரரிடம் நான் பேசியதெல்லாம் சாப்பாட்டுத் தட்டோடு முடிந்தது. கன்னை விற்றுவிடுவதாகச் சொன்னார். எந்த இளிச்சவாயன் வாங்குவான் என்று கேட்டேன். அது கொட்டகையில் ஆணியில் தொங்குகிறது. கழுத்தில் காய்ந்த சாமந்தி நார். பேட்டரிக்கு மட்டும் தவறாமல் சார்ஜ் போடுகிறார். எதற்கு என்று நான் கேட்பதில்லை.

மறு வருஷம் ஆயுத பூஜை நெருங்கும்போது, ஒரு கிருத்திகை அன்று ஆட்டோ ஒன்று வாசலில் நின்றது. அந்த அம்மாள் இறங்கினார். மகள் கைக்குழந்தையோடு ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தாள். அம்மாளின் கையில் தினைக் கூடை. அவர் கூடையை இறக்கவும் இல்லை, என்னைப் பார்க்கவும் இல்லை.

“சாரு இருக்காராக்கா? வரச் சொல்லு.”

கூப்பிட்டேன். வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து நின்றார்.

“அன்னிக்கி அக்கா தின்னுன்னு சொல்லச்சொல்ல நீங்க தின்னல சார். இன்னிக்கி தின்னுங்க. உங்க வூட்டு அரிசிய போடச் சொல்லுங்க. மொதல்ல வர மாவு வேணாம். நல்லா ஓடி சூடானப்பறம் வருது பாருங்க, அந்த மாவு.”

நான் மில்லைப் போட்டேன். கல் சூடேறும்வரை எங்கள் அரிசியை ஓடவிட்டேன். குழந்தை ஆட்டோவில் சிணுங்கிக்கொண்டிருந்தது. பிறகு அந்த அம்மாளே குனிந்து ஒரு பிடி மாவை எடுத்து, வெளிச்சத்தில் காட்டிப் பார்த்து, அவர் கையில் வைத்தார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் பெல்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாயில் போட்டார். பச்சை மாவு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மீசையெல்லாம் வெள்ளை. இருமல் வந்தது.

“முழுங்குங்க சார்” என்றார் அந்த அம்மாள்.

விழுங்கினார். தொண்டை ஏறி இறங்கும்வரை பார்த்திருந்துவிட்டு, அந்த அம்மாள் என் பக்கம் திரும்பிக் கூடையை நீட்டினார்.

“ஆங், போடுக்கா.”

கூடையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். என் வீட்டுக்காரருக்கு மாவு தொண்டையில் அடைத்துக்கொண்டது. தண்ணீர் எடுத்துவர நான் போகவில்லை. தினையை மேல்தொட்டியில் கொட்டினேன்.