அண்ணன் கொண்டுவந்த டேக்

பெரியப்பா தவறிய பிறகு அவர் மகன் எங்கள் வீட்டில் தங்கித்தான் திருவண்ணாமலைக்கு ஆறாவது படிக்கப் போய்வந்தான். நான் அடி அண்ணாமலையிலேயே மூன்றாவது. மலை சுற்றும் பாதையில் அப்பா டீக்கடை வைத்திருந்தார். சுற்ற வரும் வெள்ளைக்காரர்கள் சிலர் அங்கே நிற்பார்கள்.

ஒருநாள் அந்த அண்ணன் பள்ளிக்கூடத்திலிருந்து 'டேக்' என்று ஒரே ஒரு வார்த்தையைக் கொண்டுவந்தான். அதை வைத்தே கடையை நடத்த ஆரம்பித்தான். டேக் சீட் என்றால் உட்கார்ந்தார்கள். டேக் டீ என்றால் குடித்தார்கள். டேக் போட்டோ என்றால் அவனையே படம் பிடித்தார்கள். டேக் பஸ் என்று ரோட்டைக் காட்டினால் தலையாட்டிவிட்டு நடந்தார்கள்.

"உக்கார்றதுக்கும் அதேவா, குடிக்கிறதுக்கும் அதேவா?" என்று அம்மா வாயைப் பிளந்தாள்.

"நமக்கு வேலைக்கொரு வார்த்தை வேணும். இவன் ஒண்ணுலயே முடிச்சுட்றான் பாரு" என்று அப்பா அவன் தலையைத் தடவினார். அது என் தலையைத் தடவவேண்டிய கை. எனக்கு வயிறு எரிந்தது. அன்று ராத்திரி அவன் தட்டில் விழுந்த தோசைகூடப் பெரிதாகத் தெரிந்தது.

நானும் ரகசியமாகப் பழகினேன். ஆட்டுக்குட்டியிடம் தழையை நீட்டி டேக் என்றேன். தின்றது. அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லை.

அண்ணன் தண்ணீருக்குப் போயிருந்த நேரத்தில் ஒரு வெள்ளைக்காரம்மா வந்தாள்.

"டேய், நீ சொல்டா" என்றார் அப்பா.

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. டீ கிளாஸை நீட்டியபடி நின்றேன். அவளாகவே வாங்கிக் குடித்தாள்.

"அண்ணங்காரன் ஒத்த வார்த்தையில யாவாரம் பண்றான். தம்பிக்கு அதுவும் தேவையில்லப்பா!" என்றார் பெஞ்சில் இருந்தவர். அப்பாவும் சிரித்துவிட்டார்.

ஓடினேன். கண்ணீரில் வழி தெரியாமல் கருவேல முள்ளை மிதித்தேன். அப்பா கடையைப் போட்டது போட்டபடி விட்டு ஓடிவந்தார். முள்ளைப் பிடுங்கினார். "ஜாஸ்தி வலிக்குதாடா?" என்று கேட்டு, என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். அண்ணன் தண்ணீர்க் குடத்தோடு பின்னால் வந்தான்.

உயரத்தில் இருந்த தைரியத்தில் அவனைச் சீண்டினேன்: "தோள்ல தூக்கினு போறதுக்கும் டேக்தானா?"

அவன் அப்பாவின் தோளையே பார்த்துக்கொண்டு வந்தான். இந்தப் பாடத்தை அவன் வாத்தியார் இன்னும் நடத்தவில்லை என்று முடிவு செய்துகொண்டு, வீடு வரும்வரை நான் உள்ளுக்குள் சிரித்தபடியே வந்தேன்.