கால் பட்டால்

கிளினிக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும்போதும் என் கால் ஆடிக்கொண்டே இருக்கும். "காலாட்டாதே, வீட்டுக்கு ஆகாது" என்று அம்மா எத்தனை முறை திட்டியும் நிற்காத கால். அதற்கு ஒரு வேலை கொடுக்கத்தான் எங்கள் ஈப்போ நகரில் ஒரு டயர் கடையின் மேல்மாடியில் நடக்கும் கபொய்ரா வகுப்பில் சேர்ந்தேன். பிரேசில் நாட்டு ஆட்டம். பாதி நடனம், பாதி சண்டை. சுற்றி நிற்பவர்கள் கைதட்டிப் பாட, வட்டத்துக்குள் இருவர் உதைத்தும் குனிந்தும் ஆடவேண்டும்.

மூன்று வருடத்தில் சுழன்று உதைக்கப் பழகிவிட்டேன். ஆனாலும் ஒவ்வொரு ஞாயிறு காலையும் புதியவர்களோடு ஜிங்கா என்ற அதே அடிப்படை அசைவு. ஒரு கால் பின்னே, கை முகத்துக்கு முன்னே. பிறகு மறு கால். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அரிச்சுவடியை எத்தனை தடவைதான் எழுதுவது? அடுத்த நிலைக்கான நிறக் கயிற்றை இடுப்பில் கட்டவேண்டும், அவ்வளவுதான் எனக்கு. என்னைவிடப் பத்து வயது இளையவரான சீனப் பயிற்சியாளரோ அதைத் தருவதாக இல்லை.

அப்போது ஓர் அக்கா புதிதாகச் சேர்ந்திருந்தார். ஐம்பது தாண்டியவர், தொழிற்சாலை கேண்டீனில் சமையல். சிம்பாங் பூலாயிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். "வாரத்துல இந்த ஒரு மணி நேரம்தான் எனக்குன்னு இருக்கு லா" என்பார்.

ஒரு ஞாயிறு எங்கள் இருவரையும் வட்டத்துக்குள் விட்டார்கள். இவரோடு என்னத்தை ஆடுவது என்ற எரிச்சலில் வேகத்தைக் கூட்டினேன். நான் குனிந்தபோது அக்காவின் கால் என் தோளில் உரசியது. நம் ஆட்களுக்குக் கால் பட்டுவிட்டால் கை சும்மா இருக்குமா? ஆட்டத்தை மறந்து, என்னைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கை நீட்டி முன்னால் வந்தார். அதற்குள் என் கால் சுழன்று கிளம்பிவிட்டது. நிறுத்தத் தெரியவில்லை. அவர் வாயில் பட்டது.

உதடு கிழிந்து ரத்தம் வந்தது. பாட்டு நின்றுபோனது.

"ஒண்ணும் இல்ல லா, நான்தான் குறுக்க வந்துட்டேன்" என்றார் அக்கா.

பயிற்சியாளர் மலாயில் ஒன்றே ஒன்று கேட்டார்: "நிறுத்த முடியாத காலை ஏன் தூக்கினீர்கள்?"

அந்த வாரம் முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவருக்கென்று இருந்த ஒரு மணி நேரத்தையும் உதைத்துத் தள்ளிவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது. அடுத்த ஞாயிறு முதல் ஆளாகப் போய் மாடிப்படியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீங்கிய உதட்டோடு அக்கா ஏறி வந்தார். "என்ன அப்படிப் பாக்கற? வா, ஆடலாம்."

மெதுவாக ஜிங்கா போட்டேன். மெதுவாகப் போட்டால் என் கால் நடுங்குகிறது! மூன்று வருடமாக வேகம் அதை மறைத்து வைத்திருக்கிறது. அக்காவின் கால் மறுபடி என் தோளில் பட்டது. இந்த முறை அவர் நிற்கவில்லை. முகத்தைக் காக்க எப்படியும் மேலே வரவேண்டிய கை, போகிற போக்கில் என்னைத் தொட்டு அவர் கண்ணுக்குப் போனது. இரண்டு மாதப் பழக்கத்தில் இதைக் கண்டுபிடித்திருக்கிறார்.

நான் சுழன்று காலை வீசினேன். அவர் கன்னத்துக்கு ஒரு விரற்கடை முன்னால் அது நின்றது.

"நிக்குது லா, உன் காலு" என்றார் அக்கா.