ஐந்தாம் எண் பட்டன்

போன வாரம் டவுன்ஹால் ரோட்டில் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் நின்றிருந்தேன். கடைக்காரர் சால்டரிங் வைத்துக்கொண்டிருந்தார். ஈயம் உருகும் புகை மூக்கில் ஏறியதும் வந்த வேலை மறந்துபோய்ச் சகுந்தலா அக்கா நினைவுக்கு வந்துவிட்டார். உங்களுக்கும் இப்படி ஏதாவது ஒரு வாசனையோடு ஓர் ஆள் வருவார்தானே?

தொண்ணூறுகளின் கடைசியில், மதுரையில் ஒரு சின்ன அறிவியல் காட்சிக்கூடத்தில் எனக்கு முதல் வேலை. தாய் வயிற்றில் பிள்ளை வளர்வதைப் பட்டனை அழுத்திப் பார்க்கிற மாதிரி ஒரு காட்சி செய்யச் சொன்னார்கள். ஒயர் இழுப்பது, சால்டரிங் என்று மின்சார வேலை முழுக்கச் சகுந்தலா அக்கா. சௌராஷ்டிரா வீட்டுப் பெண். போனில் அம்மாவிடம் அவர்கள் பாஷையில் பேசிக்கொண்டே, பார்க்காமலே ஒயரைச் சீவிவிடுவார். பொம்மை செய்வதும் விளக்கம் எழுதுவதும் நான். கல்யாணம் ஆகாதவன், 'கருப்பை' என்று எழுதுவதற்கே சுற்றுமுற்றும் பார்ப்பேன்.

காட்சிக்கு யோசனை சொல்ல வந்த டாக்டர் கொடுத்த புத்தகத்தில் எல்லாம் வாரக் கணக்கு. நானும் அப்படியே நாலிலிருந்து நாற்பது வரை பட்டன் வைத்தேன். அழுத்தினால் அந்த வாரத்துப் பெட்டியில் விளக்கு எரியும். கண்ணாடிக்குப் பின்னால் அசல் அளவில் பிள்ளை இருக்கும். ரொம்பச் சின்னதுக்கு முன்னால் பூதக்கண்ணாடி. 'வாரம்' என்று உச்சியில் ஒரே ஒரு தடவை அழகாக எழுதிவிட்டு, பட்டன்களில் வெறும் எண். என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

திறந்த மூன்றாம் நாள், திருவாதவூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி ஆஸ்பத்திரிக்கு வந்தவள் அப்படியே உள்ளே வந்தாள். நேராகப் போய் ஐந்தை அழுத்தினாள். பூதக்கண்ணாடியில் கண் வைத்தவள் நிமிரவே இல்லை.

"இம்புட்டுத்தானாண்ணே?"

"ஆமா, எள்ளு அளவுதான்" என்றேன், பெரிய பேராசிரியர் மாதிரி.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு அஞ்சாம் மாசம் நடக்குதுண்ணே. மொத ரெண்டும் தங்கல. இதுவும் வளரலயா?"

அது வாரம், மாசம் இல்லை என்று உளறினேன். அவள் காதில் எதுவும் ஏறவில்லை. அக்கா ஸ்க்ரூ டிரைவரோடு எழுந்து வந்தார்.

"டாக்டரம்மா துடிப்பு பாத்தாகளா?"

"காலைல பாத்தாக. நல்லா கேக்குதுன்னாக."

"பெறகென்ன?" என்றபடியே பதினெட்டாம் பெட்டியின் கண்ணாடியைக் கழற்றி, பொம்மையை எடுத்து அவளுடைய இரண்டு கைகளிலும் வைத்தார். "இந்தா பிடி. அஞ்சாம் மாசத்துப் பிள்ள இம்புட்டு இருக்கும். ஒரு சாண்."

அவள் பொம்மையின் விரலை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அதை வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டு அழுதாள். திருப்பிக் கொடுக்க வெகுநேரம் ஆனது. நாங்களும் கேட்கவில்லை.

அவள் போனதும் அக்கா எல்லா ஒயரையும் பிடுங்க ஆரம்பித்தார். எனக்கு ரோஷம். "மேல வாரம்னு எழுதித்தானக்கா இருக்கு?"

"வயித்துப்பிள்ளக்காரி மேலயா பாப்பா? மாசத்தத்தான தேடுவா."

நாலு வாரத்துக்கு ஒரு பட்டனாகப் பத்துப் பட்டன் வைத்தார். டாக்டர் வந்து முதலில் முகம் சுளித்தார். அப்புறம் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, நம் பெண்கள் சொல்லும் பத்து மாசக் கணக்கு சரியாகத்தான் வருகிறது என்று சிரித்தார். பெரிய பொம்மைகளுக்குக் கண்ணாடியே வேண்டாம் என்றும் அக்கா சொல்லிவிட்டார். அழுக்காகிவிடும் என்றேன். "ஆகட்டும். திருப்பிச் செஞ்சு தா." எத்தனை தடவை செய்தேனோ, கணக்கில்லை. என்ன மனுஷி!

சில மாதம் கழித்து அந்தப் பெண் கைக்குழந்தையோடு வந்தாள். பத்தாம் மாசத்துப் பொம்மைக்குப் பக்கத்தில் அதைப் படுக்க வைத்தாள். "ஒங்க பொம்மையவிட எம்பிள்ள பெருசுண்ணே" என்றாள். அக்கா அந்தப் பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அந்தக் கட்டடம் இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். அக்கா குடும்பத்தோடு சேலத்துக்குப் போய்விட்டதாகக் கேள்வி. ஸ்கேன் எடுத்துவிட்டு வரும் பெண்கள் கையில் காகிதம் இருக்கிறது, எல்லாம் வாரக் கணக்கில். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததைவிட அதில் விஷயம் அதிகம்தான். ஆனால் 'எம்பிள்ள எம்புட்டு இருக்கும்?' என்று ஒருத்தி கலங்கினால், ஸ்க்ரூ டிரைவரோடு எழுந்து வருகிற ஆளை நான் அப்புறம் எங்கேயும் பார்க்கவில்லை.