சாரிடம் நான் சொல்லாத ரிசல்ட்

பச்சை ஏலக்காய் சூட்டில் காயும்போது ஒரு வாசம் வரும் பாருங்கள்... கடையில் வாங்குகிற காயில் அது இருக்காது. ஈரமும் காட்டமுமாகத் தலைமுடியில், போர்வையில், லேப்டாப் கீபோர்டில்கூட ஏறிவிடும். இன்றைக்கும் அந்த வாசம் வந்தால் அந்த இடத்தைவிட்டு எழுந்து போய்விடுவேன்.

பிஎச்.டி. கடைசி வருஷம். காய் எடுக்கிற சமயம் என்று, போடிமெட்டுக்கு மேலே எங்கள் தோட்டத்தில் அப்பா அம்மாவோடு இருந்தேன். மழையான மழை. காய் காயவைக்கிற ரூமை ஒட்டிய அறையில் உட்கார்ந்து, மதுரையில் இருந்த என் கைடு சாருடைய கொள்கையைச் சோதித்துக்கொண்டிருந்தேன்.

ரொம்ப ரொம்பத் தூரத்தில் ஈர்ப்பு விசை நாம் படித்த மாதிரி நடக்காது, கொஞ்சம் மாறும் என்பது சாருடைய கொள்கை. இருபது வருஷ உழைப்பு. அது சரியென்றால், கேலக்ஸிகள் கூட்டம் சேருகிற வேகத்திலிருந்து கணக்குப் போட்டாலும், வெளிச்சம் வளைகிற அளவிலிருந்து போட்டாலும் ஒரே எண் வர வேண்டும். ஒரே மூட்டையை ரெண்டு தராசில் வைத்துப் பார்க்கிற மாதிரி.

வரவில்லை...

நாலு நாள் திரும்பத் திரும்ப ஓட்டினேன். தப்பு என்னுடையதாக இருக்கட்டும் என்று வேண்டாத சாமியில்லை. மறுவாரம் ஒரு மாநாட்டில் சார் அந்தக் கொள்கையைப் பற்றித்தான் பேசுவதாக இருந்தார். "என்னம்மா, ரிசல்ட் வந்துச்சா?" என்று போன்மேல் போன். எந்த வாயால் சொல்வது?

"சார், இங்க மழை. சிக்னல் கெடைக்கல. போடிக்கு எறங்குனதும் கூப்பிடுறேன்" என்று ஒரு மெசேஜைத் தட்டிவிட்டு, போனை அணைத்து அரிசி டப்பாவுக்குள் போட்டேன். மலைத்தோட்டம் என்றால் யாரும் நம்பிவிடுவார்கள் இல்லையா!

சோறு இறங்கவில்லை. "மூஞ்சியே சரியில்லையேத்தா, என்னாச்சு?" என்று அம்மா கேட்டதற்கு எரிந்து விழுந்தேன்.

மூணாம் நாள் காலை. காய் எடுக்கிற பெண்களை ஏற்றிக்கொண்டு போடியிலிருந்து ஜீப் வந்து நின்றது. அத்தனை பேருக்கும் நடுவிலிருந்து கசங்கிப்போய் இறங்கினார்... எங்கள் சார். கையில் யாருடையதோ தூக்குவாளி.

மலைப்பாதையில் மண் சரிந்ததாக டிவியில் பார்த்தாராம். எனக்கு என்ன ஆனதோ என்று பயந்து, மதுரையில் முதல் பஸ்ஸைப் பிடித்திருக்கிறார். போடியில் அப்பா பேரைச் சொல்லி விசாரித்ததும் இந்த ஜீப்பில் ஏற்றிவிட்டிருக்கிறார்கள்.

கூடவே இறங்கிய, சிலமலை ஊரிலிருந்து காய் எடுக்க வருகிற பேச்சியக்கா சும்மா இருக்குமா? "ஏத்தா, ஒங்க வாத்தியாரு என்னா இப்படிப் பயப்படுறாரு! அங்கிட்டு சிக்னலே இல்லையாமேன்னு கேட்டாரு. யாரு சொன்னா, நான் செடிக்குள்ள நின்னுக்கிட்டே எம்மகன்கூட வீடியோல பேசுவேனேன்னு சொன்னேன். அதோட மனுசன் வாயே தெறக்கல."

அவமானத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "நீ நல்லாருக்கல்ல, அது போதும். சிக்னல் இருக்குன்னு தெரிஞ்சப்பவே ரிசல்ட்டும் தெரிஞ்சிருச்சும்மா. கொண்டா, பாப்போம்."

பொழுது சாய்கிறவரை வரி வரியாகத் தேடினோம். ஒரே ஒரு தப்பாவது அகப்படாதா என்று மனசு அடித்துக்கொண்டது. அகப்படவில்லை. சார் லேப்டாப்பை மூடிவிட்டு, ஆறிப்போன டீயைக் குடித்தார். அந்த மாநாட்டில் இந்த ரிசல்ட்டைத்தான் பேசினார், கண்டுபிடித்தது என் மாணவி என்று என் பேரையும் சொல்லி.

இப்போது நானும் வாத்தியார். அந்த ரெண்டு கணக்கின் கோடும் ஒன்று சேராமல் பிரிந்து போகிற வரைபடத்தை வருஷா வருஷம் பிள்ளைகளுக்குக் காட்டி, "பாருங்க, இந்தக் கொள்கை விழுந்த எடம் இதுதான்" என்று கூசாமல் சொல்கிறேன். அன்றைக்கு இருந்த நடுக்கமெல்லாம் எங்கே போனது என்று எனக்கே ஆச்சரியம்.

நாளைக்கு எங்கள் டிபார்ட்மெண்டில் இதைப் பற்றித்தான் என் பேச்சு. ரிட்டயர் ஆகிவிட்ட சார் வருவதாகச் சொல்லியிருக்கிறார். காது மந்தம், முன்வரிசையில்தான் உட்காருவார்... கொள்கை விழுந்த எடம் என்கிற அந்த ஒரு வரியை அவர் முகத்தைப் பார்த்து இதுவரை ஒரு தடவைகூட நான் சொன்னதில்லை.