ஐந்து வெள்ளைத் துணிகளும் என் வீட்டுத் துணியும்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் ஓர் ஆலோசனைக் குழுவில் உறுப்பினராக இருந்தேன். நெய்வேலி நகரியத்தின் சுற்றுப்புறத் தூய்மை குறித்து மேலிடத்துக்கு யோசனை சொல்வது குழுவின் வேலை. என்னை ஏன் எடுத்தார்கள் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. உத்தரவில் 'மகளிர் ஒருவர்' என்று இருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியை. கூட்டக் குறிப்பு எழுதவும் ஓர் ஆள் தேவைப்பட்டது.

மொத்தம் ஐந்து பேர். தலைவர் பெரிய அதிகாரி. எதையும் மறுக்க மாட்டார், எதையும் ஒப்புக்கொள்ளவும் மாட்டார். எதிரில் இருப்பவர் கோபமாகப் பேசினால் முந்திரிப் பருப்புத் தட்டை அவர் பக்கம் நகர்த்துவார். அடுத்து ஒரு டாக்டர். ஒரு தொழிற்சங்கக்காரர், வெளியே மைக் முன்னால் முழங்குபவர், உள்ளே வந்தால் விசிறிக்குக் கீழே இருக்கும் நாற்காலியைத் தேடுபவர். கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாய் ஒருவர். பிறகு நான்.

பிரச்சினை ஒன்றுதான். சாம்பல். அனல்மின் நிலையத்துப் புகைபோக்கியிலிருந்து காற்று எங்கள் பக்கம் திரும்பிய நாட்களில் கொடியில் காயும் துணி, முறத்தில் காயும் வடாம், முருங்கை இலை எல்லாவற்றின் மேலும் மெல்லிய மாவு போல் படிந்திருக்கும். குளித்துவிட்டு வந்து ஜாக்கெட்டை மாட்டினால் முதுகு நறநறவென்று இருக்கும். வகுப்பில் நின்று பாடம் நடத்தும்போது சொறிந்துகொள்ள முடியாது.

முதல் கூட்டத்தில் பொருள், சாம்பல் விழுவதைத் தடுப்பது எப்படி என்பது. நான் குறிப்பேட்டில் 'சாம்பல்' என்று எழுதியதைத் தலைவர் எட்டிப் பார்த்தார்.

"டீச்சர், அப்படி எழுதாதீங்க. சாம்பல்னு போட்டா எங்கேருந்து வந்ததுன்னு ஒரு கேள்வி வரும். தூசின்னு போடுங்க. தூசி எல்லா ஊர்லயும் இருக்கு."

தொழிற்சங்கக்காரர் 'ஒரு வகைத் தூசி' என்றார், தொழிலாளர் பக்கம் நின்ற திருப்தியோடு. டாக்டர் 'துகள்' என்றார். துகள் அறிவியலாகவும் இருந்தது, யாரையும் குற்றம் சொல்லாமலும் இருந்தது. அந்தச் சொல்லை ஏற்றுக்கொள்ள ஒன்றரை மணி நேரம் ஆனது. பிறகு டீ வந்தது, கூட்டம் கலைந்தது.

என் கணவர் அனல்மின் நிலையத்தில் சாம்பல் அகற்றும் பிரிவில் ஷிப்டில் இருந்தார். திருநெல்வேலிக்காரர், குறைவாகப் பேசுபவர். கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். கை கழுவிவிட்டு வந்து சொன்னார்: "நான் அங்கன சாம்பலோட மாரடிக்கேன். நீ இங்கன அதுக்குப் பேரு வைக்க. ரெண்டு பேருக்கும் சம்பளம் ஒரே இடத்துலருந்துதான் வருது."

இரண்டாவது கூட்டத்தில் பாய் ஒரு வழி சொன்னார்.

"பேசிகினே இருந்தா எப்படிங்க. நான் வெள்ளைத் துணி தரேன். ஆறு பிளாக்குல கொடியில கட்டுங்க. ஒரு வாரம் கழிச்சி எடுத்தாந்து இந்த மேசை மேல விரிங்க. நாம யாரும் வாயத் தொறக்க வேணாம், துணியே சொல்லிடும்."

தலைவர் உடனே சம்மதித்தார். அன்றைக்கு எதையும் முடிவு செய்ய வேண்டாம் என்பதால் சம்மதித்தார் என்று நினைக்கிறேன். ஆறாவது துணியை என் வீட்டுக் கொடியில் நானே கட்டினேன். மற்ற ஐந்தும் துப்புரவு மேஸ்திரியின் பொறுப்பு.

அடுத்த வாரம் மேஸ்திரி ஒரு தாம்பாளத்தில் ஐந்து துணிகளையும் ஏந்திக்கொண்டு வந்தார். மடிப்புக் கலையாமல், இஸ்திரி போட்டு, கண்ணைப் பறிக்கும் வெள்ளையில் இருந்தன. பாய் ஒன்றை எடுத்து முகர்ந்தார்.

"என்ன மேஸ்திரி, தொவச்சீங்களா?"

"ஆமாங்க. பெரிய அய்யா பாக்கப்போற துணியாச்சே, அப்படியே எடுத்தார முடியுங்களா? ஒரே கரிங்க. எங்க வூட்டுல ரெண்டு தபா அடிச்சித் தொவச்சி, நீலம் போட்டுக் குடுத்தாங்க."

அவர் முகத்தில் அவ்வளவு பெருமை. பாய் மட்டும் சிரித்தார். தலைவர், "ரொம்ப நல்லது, நீங்க போகலாம்" என்று மேஸ்திரியை அனுப்பிவிட்டு, துணிகளைப் புரட்டிப் பார்த்து, "வெள்ளையாத்தானே இருக்கு" என்றார்.

நான் என் பையிலிருந்து ஆறாவது துணியை எடுத்து விரித்தேன். விரித்த இடத்தில் மேசைக் கண்ணாடி மங்கியது. டாக்டர் விரலால் தொட்டுப் பார்த்தார், விரலைக் கைக்குட்டையில் துடைத்தார், யோசித்தார்.

"இது அடுப்புப் புகையாகவும் இருக்கலாம்."

"எங்க வீட்ல மண்ணெண்ணெய் ஸ்டவ் சார். அது சமையலறையில இருக்கு, கொடி கொல்லையில இருக்கு."

"பார்த்துடலாம்" என்றார் தலைவர். என் ஸ்டவ்வை ஆராய இரண்டு பேர் கொண்ட துணைக்குழு அங்கேயே அமைந்தது. டாக்டரும் தொழிற்சங்கக்காரரும் மறுநாள் மாலை வந்தார்கள். அந்த ஸ்டவ்விலேயே காபி போட்டுக் கொடுத்தேன். குடித்தார்கள். குனிந்து திரியைப் பார்த்தார்கள். "நல்லா எரியுதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் கொடுத்த அறிக்கையில் 'வீட்டு அடுப்பின் பங்கு கவனிக்கத்தக்கது' என்று இருந்தது.

எனக்கு ஆத்திரம் வந்தது. கூட்டக் குறிப்பில் மேஸ்திரி பேசியதை அப்படியே, நீலம் போட்டது உட்பட, ஒரு சொல் விடாமல் எழுதிக் கொண்டுபோனேன். தலைவர் முழுவதையும் படித்தார். சிரிக்கவும் செய்தார். பிறகு சிவப்புப் பேனாவால் அந்தப் பத்தியின் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"கதையில வந்தா நல்லா இருக்கும் டீச்சர்." அதே குரலில், பேனாவை மூடிக்கொண்டே கேட்டார்: "உங்க சார் ஜெனரல் ஷிப்டு கேட்டு எழுதிக் குடுத்திருக்கார் போல?"

அவ்வளவுதான். பருப்புத் தட்டு என் பக்கம் நகர்ந்தது.

என் கணவருக்கு ஷிப்டு மாறி மாறிச் சாப்பிட்டு வயிறு கெட்டிருந்தது. பகல் வேலைக்கு மாற்றச் சொல்லி இரண்டு முறை விண்ணப்பம் கொடுத்திருந்தார். நான் குறிப்பை வீட்டுக்கு எடுத்துவந்து திருத்தி எழுதினேன். 'ஆறு துணிகளில் ஐந்து தூய வெண்மையாகக் காணப்பட்டன. ஒன்றில் மட்டும், வீட்டுப் புகையால் இருக்கக்கூடிய லேசான நிறமாற்றம்.' தனித்தனியாகப் பார்த்தால் அதில் எதையும் பொய் என்று நிரூபிக்க முடியாது. பல வருடம் இலக்கணம் சொல்லிக்கொடுத்த கைக்கு இப்படியும் எழுத வரும் என்று அன்றுதான் தெரிந்தது.

குழுவின் அறிக்கையில் கையெழுத்துப் போடும் நாளில் பாய் தன் பெயருக்குப் பக்கத்தில் 'துவைத்த துணி' என்று எழுத வேண்டும் என்றார். அதற்கு இடம் விடவில்லை என்றார் தலைவர். பாய் பேனாவை வைத்துவிட்டு எழுந்தார். என் வீட்டுத் துணியை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டார்.

"இது என் கடைத் துணிங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ராஜினாமாக் கடிதம் மறுநாள் வந்தது. அதை ஏற்பதா வேண்டாமா என்பது அடுத்த மூன்று கூட்டங்களுக்கு ஒத்திவைக்கப்பட்டது. நான் கையெழுத்துப் போட்டேன்.

அறிக்கையின் பலனாக மூன்று காரியங்கள் நடந்தன. துணிகளைக் காலை பத்து மணிக்குள் காயவைத்து எடுத்துவிடுவது நல்லது என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. சாலையோரம் மரக்கன்று நட்டு, தலைவர் தண்ணீர் ஊற்றுவதைப் படம் பிடித்தார்கள். மூன்றாவது காரியம் நான். புகையில்லாமல் சமைப்பது பற்றி மாதர் சங்கத்தில் பேச என்னை அனுப்பினார்கள். பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஓர் அம்மாள் எழுந்தார்.

"டீச்சர், நான் அடுப்பே பத்தவைக்காம இருந்தா என் வடாம் வெள்ளையாயிடுங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. "அது பரிசீலனையில இருக்கும்மா" என்றேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய குரல் என்று உறைத்தது.

இரண்டு மாதத்தில் என் கணவருக்கு ஜெனரல் ஷிப்டு கிடைத்தது. கையெழுத்தால் கிடைத்ததா, முறைப்படி கிடைத்ததா என்று இன்றுவரை தெரியாது. அவரும் கேட்கவில்லை. வேளைக்குச் சாப்பிட்டார், உடம்பு தேறினார்.

வெகுநாள் பாய் கடைப் பக்கம் போகாமல் இருந்தேன். பள்ளிச் சீருடைத் துணிக்காக ஒருநாள் போயே ஆக வேண்டியிருந்தது. அவர் எப்போதும் போல ஸ்டூலை நகர்த்திப் போட்டார். நானாகவே பேச்சை எடுத்து, ஷிப்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் துணியை அளந்துகொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"விடுங்க டீச்சர். என்னை ரொம்ப நேர்மையான ஆளுன்னு நெனச்சிகினு இருக்காதீங்க. எனக்குக் குடுக்க அவுங்ககிட்ட ஒண்ணும் இல்ல, அதான் தப்பிச்சேன்."

ஆறுதலுக்குச் சொன்னாரா, குத்திச் சொன்னாரா என்று முகத்தைப் பார்த்தேன். கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டிருந்தார்.

குழு அதற்குப் பிறகும் ஒரு வருடம் கூடியது. பாய் இடத்துக்கு வேறு யாரையும் போடவில்லை. நானும் விலகவில்லை.