காற்றுப் படாமல் ஒரு சோதனை

ஆய்வகத்தில் அவளைப் பெட்டிக்காரி என்பார்கள். ஆக்சிஜனை மிகவும் குறைத்து வைத்த கண்ணாடிப் பெட்டி ஒன்றில் புற்றுநோய் செல்களை வளர்ப்பது அவள் வேலை. மற்ற செல்கள் துவண்டுபோகும் அந்த நெருக்கடியில் இவை மட்டும் எந்தெந்த மரபணுக்களை முடுக்கிவிட்டுச் சமாளிக்கின்றன என்பதே ஆராய்ச்சி.

அவளுக்கு அது வெறும் படிப்பு இல்லை. அக்காவின் கழுத்துக் கட்டிக்குக் கதிர்வீச்சு கொடுத்தபோது ஓரமெல்லாம் கரைந்தது. நடு மட்டும் அசைந்துகொடுக்கவில்லை. ரத்தம் சரியாக எட்டாத இடத்தில் ஆக்சிஜன் குறைவு, அங்கே கதிர்வீச்சின் பாச்சா அவ்வளவாகப் பலிக்காது என்றார் டாக்டர். கத்தி வைத்த பிறகுதான் அக்கா பிழைத்தாள்.

ஆனால் சோதனை படாத பாடு படுத்தியது. ஆக்சிஜன் குறைந்தால் செல்லுக்குள் ஒரு புரதம் அழியாமல் தங்கும். சர்க்கரையை இழுக்கவும், புது ரத்தக் குழாய்களை வரவழைக்கவும் அதுதான் மரபணுக்களை எழுப்பும். அந்தப் புரதம் ஒரு தடவை தெரிந்தது, மறுதடவை கண்ணாமூச்சி காட்டியது. பேராசிரியர் பொறுமையிழந்து, வேறு வேலை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

அன்று மதியம் சாப்பாட்டை மறந்து பெட்டி முன்னால் உட்கார்ந்து, தான் செய்வதையெல்லாம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். செல்கள் வளரும் தட்டைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, மேஜைக்குக் கொண்டுபோய், அங்கேதான் புரதத்தைப் பிரித்தெடுக்கச் செல்களை உடைக்கிறாள். அதற்குள் காற்றுப் பட்டுவிடுகிறது. காற்றுப் பட்டால் சில நிமிடங்களில் அந்தப் புரதம் சிதைந்துவிடும். தெரிந்த விஷயம்தான். வேகமாகச் செய்தால் போதும் என்று நினைத்ததுதான் பிசகு.

நேரே பேராசிரியர் அறைக்குப் போனாள்.

"மேடம், இனிமே தட்டை வெளிய எடுக்கவே மாட்டேன். எல்லாத்தையும் பெட்டிக்குள்ளயே செய்யறேன்."

"அந்தக் கையுறையோடயா? பேனாகூடப் பிடிக்க வராதேம்மா."

"பழகிக்கறேன் மேடம்."

பழகுவது லேசில் வரவில்லை. பெட்டியோடு ஒட்டிய தடித்த கையுறைக்குள் விரல்கள் மரத்தன. தட்டுகள் கவிழ்ந்தன. குத்துச்சண்டைக்குப் பெயர் கொடுக்கலாமே என்று கூட வேலை செய்பவர்கள் கிண்டலடித்தார்கள். சிரித்துவிட்டு அடுத்த தட்டை எடுத்தாள். வீட்டில் கணவன் சமையலை ஏற்றுக்கொண்டான். உப்பு முன்னே பின்னே இருந்தாலும் குறை சொல்லாமல் சாப்பிட்டாள்.

மழைக்காலம் முடிவதற்குள் புரதம் பளிச்சென்று கருங்கோடாகச் சோதனைப் படத்தில் விழுந்தது. திரும்பச் செய்தாள்; திரும்ப விழுந்தது. பேராசிரியர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இந்த வேலையை நீயே தொடர்ந்து செய் என்றார்.

அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அப்ப மருந்து கண்டுபிடிச்சாச்சா?"

"அதெல்லாம் இல்லக்கா. அந்தச் செல்லெல்லாம் எப்படித் தாக்குப் பிடிக்குதுன்னு இப்பதான் ஒழுங்காப் பார்க்க முடியுது."

"சரி, போய் வேலையப் பாரு."

மறுநாளே, அந்தப் புரதத்தை அடக்கிவிட்டுக் கதிர்வீச்சு கொடுத்தால் செல்கள் தாங்குமா என்று பார்க்கப் புதுத் தட்டுகளைத் தயார் செய்தாள்.